வேலையோடு வடிவமைப்பு வரலாறு: லண்டனில் பகுதிநேர முதுகலை படிக்க ஒரு வழிகாட்டி

நவீன ஓவியம், சுவரொட்டி, நாற்காலி, துணி, கட்டடம் இவற்றின் வரலாற்றை முதுகலை அளவில் படிக்க வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே வேறு வேலையில் இருப்பவர்கள். சேரும் முன் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, மாலை நேரம் போதுமா என்பது. வகுப்புக்கும் வாசிப்புக்கும் போதும். மாலையில் அடங்காத வேலை ஒன்று உண்டு: பொருளையும் மூல ஆவணத்தையும் நேரில் பார்ப்பது. ஆவணக்காப்பகங்களில் பெரும்பாலானவை வாரநாள் பகலில்தான் திறக்கின்றன. அதனால் இந்தப் படிப்பில் உங்களுக்கு முதலில் தட்டுப்படப் போவது பணமோ இரவுத் தூக்கமோ அல்ல, பகல். சேரும் முன்பே அதைக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டால் மற்றவற்றைச் சமாளித்துவிடலாம்.

1. நேரத்தைக் கணக்கிடுங்கள்

பிரிட்டனில் ஒரு முதுகலைப் பட்டம் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்பது பொது அளவு. ஆக மொத்தம் 1,800 மணி நேரம். பகுதிநேரமாக இரண்டு ஆண்டில் முடிப்பதென்றால் ஆண்டுக்கு 900 மணி. கிறிஸ்துமஸ், நோய், ஊர்ப்பயணம் எல்லாம் போக 45 வாரம் கிடைக்கும் என்று வைத்தால் வாரத்துக்கு 20 மணி நேரம். இதில் வகுப்பு இரண்டு அல்லது மூன்று மணிதான். மீதி முழுக்க நீங்களே உங்களுக்கு ஒதுக்கிக்கொள்ள வேண்டிய நேரம். "வாரம் ஒரு மாலைதானே" என்று நினைத்துச் சேர்பவர்கள் முதல் பருவம் முடிவதற்குள் திணறுவது இதனால்தான்.

பெரும்பாலும் 120 கிரெடிட் வகுப்புகளுக்கும் 60 கிரெடிட் ஆய்வேட்டுக்கும் போகும். முதல் ஆண்டில் வகுப்புகள், இரண்டாம் ஆண்டில் மீதி வகுப்புகளும் ஆய்வேடும்.

இப்போது பகல் கணக்கு. பிரிட்டனில் வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்குச் சட்டப்படி குறைந்தது 28 நாள் ஊதிய விடுப்பு உண்டு. அதில் 8 நாள் பொது விடுமுறையாகப் போய்விட்டால் உங்கள் கையில் 20. முதல் ஆண்டில் நான்கு நாள், இரண்டாம் ஆண்டில் பத்து நாள் என்று படிப்புக்காக ஒதுக்கிவிடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் இதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். கோடையில் ஊருக்குப் போவதும் ஆய்வேட்டுக்கான காப்பக வேலையும் ஒரே மாதங்களில்தான் மோதும். 2024 ஏப்ரல் முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நெகிழ்வான வேலைநேரம் கேட்கும் உரிமை ஊழியர்களுக்கு உண்டு. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலை விட்டுத்தரும்படி எழுத்தில் கேட்டுப் பாருங்கள். நிறுவனம் மறுக்கலாம், ஆனால் காரணம் சொல்லியாக வேண்டும்.

2. எங்கே சேர்வது

வேலை பார்ப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய பெயர் பர்க்பெக். 1823இல் தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்ட இந்தக் கல்லூரி இன்றும் வகுப்புகளை மாலையில் நடத்துவதற்குப் பெயர் பெற்றது. இருப்பது ப்ளூம்ஸ்பரியில். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் பக்கத்திலேயே. பிரிட்டிஷ் நூலகம் நடந்து போகும் தூரம். இந்த நெருக்கம் பகுதிநேர மாணவருக்குப் பெரிய வசதி. வகுப்பு ஆறு மணிக்கு என்றால், நான்கரைக்கு அலுவலகத்திலிருந்து கிளம்புகிறவருக்கு வகுப்புக்கு முன் ஒரு மணி நேரம் நூலகத்தில் கிடைக்கும்.

லண்டனுக்கு வாரந்தோறும் வர முடியாதவர்களுக்கு ஓப்பன் யுனிவர்சிட்டி கலை வரலாற்றில் முதுகலைப் படிப்பை வீட்டிலிருந்தே படிக்கும் முறையில் நடத்துகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் தொடர்கல்வித் துறை வடிவமைப்பு வரலாற்றுக்கென்றே இரண்டாண்டுப் பகுதிநேரப் பட்டம் நடத்தியிருக்கிறது. ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகமும் சேர்ந்து நடத்தும் வடிவமைப்பு வரலாற்றுப் படிப்பு 1982இல் தொடங்கியது. வடிவமைப்பு வரலாறு தனித்துறையாக நிலைபெற்றதில் அதற்குப் பெரும் பங்குண்டு. ஆனால் எந்தப் படிப்பு எந்த ஆண்டில் பகுதிநேரமாகக் கிடைக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். பழைய விவரக் கையேட்டை நம்பாமல் சேர்க்கை அலுவலகத்திடம் எழுதிக் கேளுங்கள்.

கேட்க வேண்டியவை இவை. வகுப்பு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? விருப்பப் பாடங்களில் எத்தனை மாலையில் நடக்கின்றன? (கட்டாய வகுப்பு மாலையில் இருக்கும், நீங்கள் ஆசைப்படும் விருப்பப் பாடம் புதன் காலை 11 மணிக்கு இருக்கும், இது அடிக்கடி நடப்பது.) அருங்காட்சியக வகுப்புகள் பகலிலா? ஆய்வேட்டு வழிகாட்டியுடன் மாலையிலோ இணையத்திலோ பேச முடியுமா? படிப்பை நிறுத்தி வைத்துத் தொடர அதிகபட்சம் எத்தனை ஆண்டு அனுமதி?

3. பணமும் விசாவும்

பகுதிநேரக் கட்டணம் பெரும்பாலும் முழுநேரக் கட்டணத்தில் பாதியாக ஆண்டுதோறும் வசூலிக்கப்படும். உள்நாட்டுக் கட்டணமா, வெளிநாட்டுக் கட்டணமா என்பதைப் பல்கலைக்கழகம்தான் முடிவு செய்யும். இடம் கிடைத்தவுடன் இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் வசிப்பவர்களுக்கு அரசின் முதுகலைக் கடன் உண்டு. 2025–26இல் தொடங்கும் படிப்புக்கு அதிகபட்சம் 12,858 பவுண்ட். வருமானத்தைப் பொறுத்ததல்ல. தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரே வரும், படிப்பின் ஆண்டுகளுக்குப் பிரித்துத் தருவார்கள். படிப்பு முழு முதுகலைப் பட்டமாக இருக்க வேண்டும், பகுதிநேரம் முழுநேரத்தின் இரு மடங்குக் காலத்தைத் தாண்டக் கூடாது, நீங்கள் 60 வயதுக்குட்பட்டவராக இருக்க வேண்டும். திருப்பிச் செலுத்துவது ஆண்டுச் சம்பளத்தில் 21,000 பவுண்டுக்கு மேற்பட்ட பகுதியில் 6 சதவீதம். சம்பளம் 33,000 என்றால் ஆண்டுக்கு 720, அதாவது மாதம் 60 பவுண்ட்.

நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இங்கே இருக்கிறது. ஏற்கெனவே முதுகலைப் பட்டமோ அதற்கு இணையானதோ இருந்தால் இந்தக் கடன் கிடைக்காது, அது வேறு நாட்டில் வாங்கியதாக இருந்தாலும். சென்னையில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வந்தவர் இதை நம்பித் திட்டம் போடக் கூடாது. நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களும் படிப்புத் தொடங்குவதற்கு முந்தைய மூன்று ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும்.

மாணவர் விசாவில் பகுதிநேர முதுகலை படிக்கச் சில பல்கலைக்கழகங்கள் இடம் தரும், ஆனால் அந்த விசாவில் வேலை செய்யவே அனுமதி கிடையாது. வேலையோடு படிப்பது என்பதன் அடிப்படையே அங்கே அடிபட்டுப் போகிறது. ஆகவே பகுதிநேரப் படிப்பு பொருந்துவது ஏற்கெனவே வேலை விசாவிலோ குடும்ப விசாவிலோ நிரந்தர உரிமையோடோ பிரிட்டனில் இருப்பவர்களுக்கு. வேலை விசாவில் இருப்பவர் படிக்கலாம். வெளிநாட்டுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

4. விண்ணப்பம்

முதுகலை விண்ணப்பம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகப் போகும். அக்டோபரில் தொடங்கும் படிப்புக்குப் பிப்ரவரி, மார்ச்சிலேயே அனுப்பிவிடுங்கள். கட்டண வகை முடிவாகவும் விடுப்புத் திட்டமிடவும் நேரம் கிடைக்கும்.

கேட்பவை: பட்டச் சான்றிதழ், தன்விளக்கக் கடிதம், ஒன்று அல்லது இரண்டு பரிந்துரை, பல இடங்களில் எழுத்து மாதிரி ஒன்று. ஆங்கிலத் தேர்வு தேவைப்பட்டால் ஐஈஎல்டிஎஸ் 6.5 முதல் 7 வரை கேட்பது வழக்கம். கலை வரலாறு முன்பு படித்திருக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்பதில்லை. பொறியாளர், செவிலியர், கணக்காளர் எல்லோரும் சேர்கிறார்கள்.

தன்விளக்கக் கடிதம் கெடுவது ஒரே விதத்தில்தான்: "சிறுவயது முதலே கலையில் ஆர்வம்" என்று தொடங்கி, ஒரு படைப்பின் பெயர்கூட வராமல் முடிவது. கடிதத்தைப் படித்துத் தேர்வு செய்பவருக்கு உங்கள் ஆர்வத்தைவிட உங்கள் கேள்வி முக்கியம். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதில் எது புரியவில்லை, அதைப் புரிந்துகொள்ள இந்தப் படிப்பின் எந்தப் பாடம் உதவும் என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது. எழுத்து மாதிரி கேட்டால் பழைய அலுவலக அறிக்கையை அனுப்பாதீர்கள். பக்கத்து அருங்காட்சியகத்தில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கக்கூடிய ஒரு பொருளைப் பற்றி 2,000 சொல்லில் புதிதாக எழுதுங்கள்.

பரிந்துரை பெரும்பாலோருக்குச் சிக்கல். கல்லூரியை விட்டுப் பதினைந்து ஆண்டு ஆகியிருக்கும், பேராசிரியர் ஓய்வு பெற்றிருப்பார். லண்டனில் சிட்டி லிட் போன்ற வயதுவந்தோர் கல்லூரியில் ஒரு குறுகிய கலை வரலாற்றுப் படிப்பில் சேர்ந்து ஒரு கட்டுரையும் எழுதிக் கொடுத்தால், உங்கள் எழுத்தை உண்மையாகவே படித்த ஓர் ஆசிரியர் கிடைப்பார். மேலாளர் கடிதத்தைவிட அது பல மடங்கு எடை கூடியது.

5. தொடங்கும் முன் வரும் கோடை

வாசிப்புப் பட்டியலை முழுக்க முடிக்கப் பார்க்காதீர்கள். முடியாது, தேவையும் இல்லை. காலவரிசை மட்டும் மனத்தில் பதிந்தால் போதும்: 1851 லண்டன் மாபெரும் கண்காட்சி, ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸும் கைவினை இயக்கமும், 1919இல் ஜெர்மனியின் வைமாரில் கிரோபியஸ் தொடங்கிய பௌஹாஸ் என்ற வடிவமைப்புப் பள்ளி, அது 1925இல் டெஸ்ஸாவுக்குப் போனது, 1933இல் பெர்லினில் மூடியது, போருக்குப் பின் 1951 பிரிட்டன் விழா. இந்தச் சட்டகம் இருந்தால் வகுப்பில் வரும் பெயர்கள் தொங்குவதற்கு ஆணி கிடைக்கும்.

நுழைவு அட்டைகளையும் இப்போதே வாங்கிவிடுங்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் வாசகர் அட்டைக்கு அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வேண்டும். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்துக்குத் தனி அட்டை. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டுக்குள் இருக்கும் தேசியக் கலை நூலகத்துக்கும் தனிப் பதிவு. பல்கலைக்கழகத்தில் பதிவானதும் ஸ்கோனல் திட்டத்தில் விண்ணப்பித்தால் மற்றப் பல்கலைக்கழக நூலகங்களுக்குள்ளும் போகலாம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தால் சனி, ஞாயிறு அங்கேயே உட்கார்ந்துகொள்ள இது உதவும்.

6. பொருளைப் பார்ப்பது

இந்தத் துறையின் அடிப்படைத் திறமை இதுதான். புதியவர்கள் தவிர்த்து ஓடுவதும் இதையேதான். நூலில் படித்ததைப் பொருளின் மேல் ஒட்டுவது எளிது. பொருளிலிருந்து தொடங்கிக் கேள்வி எழுப்புவது பழக்கத்தில்தான் வரும்.

மரச்சாமான் தயாரிப்பாளர் தோனெட்டின் 14ஆம் எண் நாற்காலியை எடுத்துக்கொள்வோம். வியன்னாவில் 1859இல் வந்தது. மும்பையின் பழைய இரானி கஃபேக்களில் உட்கார்ந்தவர்கள் இந்த வளைமர நாற்காலிக் குடும்பத்தை அறிவார்கள்.

முதல் பத்து நிமிடம் பெயர்ப்பலகையைப் படிக்காமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். பின்புறச் சாய்வும் பின்கால்கள் இரண்டும் ஒரே நீண்ட மரத்துண்டு. அதற்குள் இன்னொரு வளைவு. இருக்கை ஒரு வட்டம், நடுவில் பிரம்புப் பின்னல். எங்கும் செதுக்கு வேலை இல்லை. மூட்டுகளில் பொருத்துச் சட்டம் இல்லை, திருகாணி இருக்கிறது.

அடுத்து எண்ணுங்கள். ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு மரையாணி. அவ்வளவுதான் நாற்காலி.

பிறகு, இது எப்படிச் சாத்தியம் என்று கேளுங்கள். பீச் மரத்தை நீராவியில் வேகவைத்து வளைக்கும்போது உட்புறம் நசுங்கும், வெளிப்புறம் இழுபட்டுப் பிளக்கும். தோனெட் வெளிப்புறத்தில் உலோகப் பட்டையை இறுக்கிக் கட்டி வளைத்தார். இழுவிசையைப் பட்டை தாங்கிக்கொண்டதால் மரம் பிளக்கவில்லை. அந்த மெல்லிய வளைவைப் பார்க்கும்போது கூடவே தச்சுத்தொழிலின் ஒரு மாற்றத்தையும் பார்க்கிறீர்கள். சட்டம் அறுத்து மூட்டுப் போடும் கைதேர்ந்த தச்சர் இல்லாமலே, வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தொழிற்சாலையில் செய்ய முடிந்தது. பிரம்புப் பின்னியதில் பெண்களின் உழைப்பு பெரிது.

இனி, இது எப்படிப் பயணம் செய்தது? பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலி அடங்கும். கப்பலேறிய பிறகு போய்ச் சேரும் ஊரில் திருகிக்கொள்ளலாம். உலகமெங்கும் இது கிடைத்ததற்கு அழகு மட்டும் காரணமல்ல, இந்தப் பெட்டிக் கணக்கும் காரணம். நவீனக் கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே 1925 பாரிஸ் கண்காட்சியில் தம் கூடத்துக்குள் தோனெட்டின் வளைமர நாற்காலிகளை வைத்தபோது, பழகிப்போன ஒரு தொழிற்சாலைப் பொருள் புதுமையின் அடையாளமாக நின்றது. ஏன் அப்படி? இந்தக் கேள்வி ஒரு பருவக் கட்டுரைக்குத் தாங்கும்.

கடைசியாகத்தான் பெயர்ப்பலகை. இருக்கை வளையத்தின் உட்புறத்தில் ஒட்டிய காகிதச் சீட்டு, முத்திரை இவற்றை வைத்து எந்தக் காலத்து நாற்காலி என்று கணிக்கிறார்கள். 1869இல் தோனெட்டின் காப்புரிமை முடிந்தபின் பலரும் இதே வடிவத்தைச் செய்தார்கள், ஆகவே "தோனெட் நாற்காலி" என்று எழுதும் முன் சீட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த வரிசையை, அதாவது விவரி, எண்ணு, எப்படிச் செய்தார்கள், எப்படிப் போய்ச் சேர்ந்தது, யார் எதற்கு வைத்துக்கொண்டார்கள் என்பதை, வாரம் ஒரு பொருளுக்குச் செய்து பழகுங்கள். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் வெள்ளிக்கிழமை இரவு பத்து வரை திறந்திருக்கும். வேலை முடிந்து போக ஏற்ற நாள். ஓவியத்துக்கும் இதே வரிசை பொருந்தும். சட்டகம், துணியின் ஓரம், வண்ணப் பூச்சின் தடிமன், பின்புறச் சீட்டுகள் எல்லாம் சேர்ந்ததுதான் ஓவியம். திரையில் தெரியும் படத்தில் இவை எதுவும் வராது.

7. வார வாசிப்பு

ஒரு செமினாருக்கு மூன்று நான்கு கட்டுரைகள், சுமார் நூறு பக்கம் வரும். ஆய்வெழுத்து மணிக்கு 15 முதல் 20 பக்கம் நகரும். ஆகவே ஐந்து ஆறு மணி நேரம். ரயிலில் ஒரு முறை வேகமாக, மேசையில் ஒரு முறை பேனாவோடு என்று பிரித்துக்கொண்டால் முடியும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி மட்டும் எழுதுங்கள்: ஆசிரியர் சொல்வது என்ன, எந்தப் பொருளை வைத்துச் சொல்கிறார், யாரை மறுக்கிறார், எது பலவீனம், வகுப்பில் கேட்க ஒரு கேள்வி. பக்கம் முழுக்க மஞ்சள் தீட்டுவது வாசித்ததாகாது.

செமினாரில் வாய் திறக்கத் தயங்குபவர்கள் அந்தக் கேள்வியை முதல் இருபது நிமிடத்துக்குள் கேட்டுவிடுங்கள். நேரம் போகப் போகத் தயக்கம் கூடும்.

8. நூலகமும் காப்பகமும்

பிரிட்டிஷ் நூலகத்தின் நூல்களில் பெரும்பகுதி லண்டனில் இல்லை, யார்க்‌ஷயரின் பாஸ்டன் ஸ்பாவில் இருக்கிறது. அங்கிருந்து வரக் குறைந்தது இரண்டு நாள். சனிக்கிழமை காலை போய் நின்று கேட்டால் கைக்கு வராது; வாரத் தொடக்கத்திலேயே இணையத்தில் கேட்டு வைக்க வேண்டும். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் அந்த நூலகத்தின் பட்டியலே பல வாரம் முடங்கியது. ஒரே நூலகத்தை நம்பி ஆய்வேட்டைத் திட்டமிடாதீர்கள்.

விடுப்பு எடுக்கும் முன், எந்த இடம் வார இறுதியில் திறக்கிறது என்று பட்டியல் போடுங்கள். தேசிய ஆவணக்காப்பகம் ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும், சனிக்கிழமை திறக்கும். 2025 மே மாத இறுதியில் கிழக்கு லண்டனில் திறந்த வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ் பகுதிநேர மாணவர்களுக்குப் பெரிய வரம். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் கிடங்கே அங்கே பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. ஐந்து பொருள் வரை தேர்ந்தெடுத்து, இரண்டு வாரம் முன்பே பதிவு செய்தால் எடுத்து வைத்துக் காட்டுவார்கள், கட்டணம் இல்லை. மாணவர், ஆய்வாளர் என்ற சான்றும் கேட்பதில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதற்கும் அதே துணியின் பின்பக்கத் தையலை அருகில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு முறை போனால் உணர்வீர்கள். சேர்வதற்கு முன்பே போகலாம்.

இவற்றைக் கழித்தபின் எஞ்சும் இடங்களுக்கே விடுப்பு நாளைச் செலவிடுங்கள்: டேட் பிரிட்டனில் உள்ள டேட் காப்பகம், நிறுவனங்களின் சொந்தக் காப்பகங்கள், உள்ளூர் ஆட்சிமன்றக் காப்பகங்கள்.

போகும் நாளுக்கு முன் காப்பகருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். "பௌஹாஸ் பற்றி என்ன இருக்கிறது?" என்று கேட்டால் பட்டியலுக்கு ஒரு சுட்டிதான் வரும். "1934 முதல் 1937 வரை கிரோபியஸ் லண்டனில் இருந்தபோது லான் ரோடு குடியிருப்பைப் பற்றி எழுதிய கடிதங்கள் வேண்டும், பட்டியலில் இந்த எண்ணைப் பார்த்தேன், இதைச் சார்ந்து வேறு பெட்டி உண்டா?" என்று கேட்டால், பட்டியலில் ஏறாத பெட்டியைப் பற்றிக்கூடச் சொல்வார்கள். காப்பகர்களுக்குத் தெரிந்ததில் பாதி எந்தப் பட்டியலிலும் இருக்காது.

கொண்டு போக: பென்சில் (பேனாவை உள்ளே விட மாட்டார்கள்), மடிக்கணினி, கைபேசி, சார்ஜர், மடித்த குளிராடை. வாசிப்பறைகளைக் குளிராகவே வைத்திருப்பார்கள். பையை வெளியே பெட்டகத்தில் வைக்க வேண்டும்.

படமெடுக்கும் ஒழுங்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு பெட்டியைத் திறக்கும்போதும் முதல் படம் பெட்டியின் சீட்டு. இரண்டாவது கோப்பின் உறை. பிறகே தாள்கள். தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் அதையும் எடுங்கள். அன்றிரவே அந்த எண்ணின் பெயரில் கோப்புறை போட்டுச் சேர்த்துவிடுங்கள். ஒரு நாளில் 300 படம் எடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து எந்தக் கடிதம் எந்தப் பெட்டியில் இருந்தது என்று தெரியாமல் போனால், அடிக்குறிப்பு போட முடியாது. இன்னொரு விடுப்பு நாள் அதற்கே போகும்.

9. பருவக் கட்டுரை

நீளம் பெரும்பாலும் 4,000 முதல் 5,000 சொல். அதில் மூன்று பொருளுக்கு மேல் தாங்காது. "நவீன இயக்கமும் பிரிட்டனும்" என்பது கட்டுரைத் தலைப்பல்ல, நூலகத்தில் ஒரு அலமாரி. 1933இல் வந்த ஹாரி பெக்கின் லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தில் தேம்ஸ் நதி மட்டும் ஏன் விடப்படவில்லை என்பது தலைப்பு.

நம் பள்ளிப் பழக்கத்தில் முன்னுரையாக இரண்டு பக்கம் பின்னணி எழுதிவிடுகிறோம். இங்கே அதற்கு மதிப்பெண் இல்லை. முதல் பத்தியிலேயே பொருள், கேள்வி, உங்கள் பதில் மூன்றும் வந்துவிட வேண்டும். படம் வைத்தால் அதைப் பற்றிக் குறைந்தது ஒரு பத்தி பேச வேண்டும். அலங்காரத்துக்கு வைத்த படம் கட்டுரையைப் பலவீனமாகக் காட்டும்.

அடிக்குறிப்பு முறை எது என்று முதல் வாரமே கேட்டுவிட்டு, ஸோடெரோ என்ற இலவச மென்பொருளில் நூல்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். சமர்ப்பிக்கும் முந்தைய இரவில் அடிக்குறிப்பு சரிசெய்வது ஆறு மணி நேர வேலை.

10. ஆய்வேடு

12,000 முதல் 15,000 சொல் வரை இருக்கும். தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே சோதனை: இதற்கான மூல ஆவணம் எந்தக் கட்டடத்தில், எந்தப் பெட்டியில் இருக்கிறது, என் பத்து நாள் விடுப்புக்குள் பார்த்து முடியுமா? விடை தெரியாத தலைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மே மாதத்தில் தலைப்பை மாற்றுபவர்களுக்கு நேர்வது இதுதான்: ஆவணம் ஜெர்மனியில் இருக்கும், அல்லது தனியார் கையில் இருக்கும், அல்லது அந்தக் காப்பகம் இடமாற்றத்துக்காக ஆறு மாதம் மூடியிருக்கும்.

"இந்தியாவில் பௌஹாஸின் தாக்கம்" என்று தொடங்குபவர்கள் பலர். அது முனைவர் பட்டத்துக்கே பெரிது. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் நடந்த கண்காட்சியில் பௌஹாஸ் ஓவியங்களும் வங்க ஓவியர்களின் படைப்புகளும் ஒரே இடத்தில் வைக்கப்பட்டன. அந்த ஒரு கண்காட்சியையும் அதைப் பற்றி அன்று வெளிவந்த எழுத்தையும் எடுத்துக்கொண்டால் அளவு சரியாக இருக்கும்.

தமிழ் அறிந்தவர்கள் லண்டனில் இருந்தபடியே எடுக்கக்கூடிய நல்ல தலைப்புகள் உண்டு. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, சர் முத்து குமாரசுவாமியின் மகன், இங்கிலாந்தின் கைவினை இயக்கத்தோடு நெருங்கிப் பழகியவர். சிங்களக் கைவினை பற்றிய தம் பெருநூலை 1908இல் பிராட் கேம்டனில், மாரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகத்திலிருந்து வந்த அச்சுப்பொறியிலேயே அச்சிட்டார். அந்த நூலின் எழுத்துரு, தாள், வரைபடங்கள் ஆகியவற்றை மட்டுமே ஒரு வடிவமைப்பு வரலாற்றுப் பொருளாக ஆராயலாம். ஃபோர்ப்ஸ் வாட்சன் 1866இல் தொகுத்த இந்தியத் துணி மாதிரித் தொகுதிகள் இன்னொன்று: 18 தொகுதி, 700 துணித் துண்டு, 20 பிரதிகள் மட்டும். பிரிட்டிஷ் ஆலைக்காரர்கள் பார்த்துப் போலச் செய்யட்டும் என்று தொகுத்தவை அவை. ஒவ்வொரு துண்டுக்கும் எந்த ஊர்த் துணி, என்ன விலை, எப்படி உடுத்துவார்கள் என்ற குறிப்பு இருக்கிறது. சேலையையும் வேட்டியையும் அன்றாடம் உடுத்தும் வீட்டில் வளர்ந்தவர் அந்தக் குறிப்புகளில் மற்றவர் காணாததைக் காண்பார். மூன்றாவது, 1926 முதல் 1933 வரை இயங்கிய பிரிட்டிஷ் பேரரசு விற்பனை வாரியத்தின் சுவரொட்டிகள், கியூ ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. பேரரசின் விளைபொருளை வாங்கச் சொன்ன அந்தப் படங்களில் தோட்டத் தொழிலாளி எப்படிக் காட்டப்பட்டார் என்ற கேள்வியை, மலையக வரலாறு தெரிந்த ஒருவர் எழுதும்போது அது வேறு ஆழம் பெறும். தமிழ் மூலங்களைப் பயன்படுத்துவதாக இருந்தால் வழிகாட்டியிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லி, மொழிபெயர்ப்பை அடிக்குறிப்பில் தருவதா, இணைப்பில் தருவதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் சமர்ப்பிப்பதென்றால்: பிப்ரவரியில் முன்மொழிவு, மார்ச்சிலிருந்து ஜூன் நடு வரை காப்பகம், ஜூலை முழுக்க எழுத்து, ஆகஸ்ட் நடுவில் முழு வரைவு வழிகாட்டியிடம். ஆகஸ்ட்டில் ஆசிரியர்களும் விடுப்பில் போவார்கள். எந்த நாளுக்குப்பின் வரைவு படிக்க மாட்டார் என்று ஜூனிலேயே கேளுங்கள்.

படங்களுக்கு உரிமை: தேர்வுக்காகச் சமர்ப்பிக்கும் ஆய்வேட்டில், எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டுப் படம் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. அதையே இதழில் வெளியிடும்போது நிலைமை வேறு. ஓவியர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை இருக்கும். 1973இல் இறந்த பிக்காசோவின் படைப்புகளுக்கு 2043 முடியும் வரை அனுமதி வாங்க வேண்டும். ஆய்வேட்டை நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றச் சொன்னால், படங்களை நீக்கிய பிரதி ஒன்றையும் தயாராக வைத்திருங்கள்.

11. நடுவில் தடைப்பட்டால்

குழந்தை பிறப்பு, வேலை மாற்றம், வீட்டில் நோய் எல்லாம் இரண்டாண்டுக்குள் வரக்கூடியவையே. கட்டுரை தாமதமாகும் என்று தெரிந்தவுடனே, கெடு முடிவதற்கு முன், காரணச் சான்றோடு நீட்டிப்புக் கேளுங்கள். முடிந்தபின் கேட்டால் மதிப்பெண் வெட்டு விழும். பெரிய சிக்கலென்றால் படிப்பைத் தற்காலிகமாக நிறுத்தி அடுத்த ஆண்டு தொடரலாம். அதற்கு முன் கடன் நிறுவனத்துக்கும், விசாவில் இருப்பவர் என்றால் பல்கலைக்கழக விசா ஆலோசகருக்கும் தெரிவிக்க வேண்டும். தொடரவே முடியாவிட்டாலும் முடித்த கிரெடிட் வீண் போகாது: பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 60 முடித்திருந்தால் முதுநிலைச் சான்றிதழ், 120 முடித்திருந்தால் முதுநிலை டிப்ளமா. இது தானாக வந்து சேராது. வெளியேறும் படிவத்தில் நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டும்.